விரதத்தை முறிக்காத மாத்திரை

மாத்திரை போட்டால் விரதம் முறியாது. மாத்திரைக்குத் துணையாக ஒரு இட்லி சாப்பிட்டால்தான் முறியும். ஐம்பத்திரண்டாவது வயதில், அரசு அலுவலகத்தில் பிறருடைய விண்ணப்பங்களில் பிழை கண்டுபிடிக்கிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, இப்படி ஒரு தீர்ப்பை எனக்கு நானே வழங்கிக்கொண்டேன். ஒன்றரை வருடம் அந்தத் தீர்ப்பு அமலில் இருந்தது. பிறகு என் வயிறு மேல்முறையீட்டுக்குப் போனது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த ஒன்றரை வருடமும், "முட்டி வலியா? மலையைச் சுத்துங்க, தானா போயிடும்" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் உபதேசம் செய்தேன். வலி போனது நிஜம். போக்கியது மாத்திரை என்பதை மட்டும் சொல்லவில்லை. மாத்திரை செய்த வேலைக்கு அண்ணாமலையாருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எனக்கு அண்ணாமலையார் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் வேலை, வீடும் அங்கேயே. பௌர்ணமி அன்று வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி மலையைச் சுற்றுவார்கள். உள்ளூர்க்காரர்களில் பாதிப்பேர் அன்றைக்குக் கடைத்தெருப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பதையே ஒரு நோன்பாகக் கடைப்பிடிப்பார்கள். நான் அந்தப் பாதியில் இருந்தேன். எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்த ஒருவர்தான் என்னைக் கெடுத்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். எந்த மாதமும் விடாமல் கிரிவலம் போகிறவர். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுமில்லை. அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.

"நீங்களும் வாங்க சார். பதினாலு கிலோமீட்டர், பேசினே போயிடலாம்" என்றார் ஒருநாள்.

"அதுக்கென்ன, போலாமே" என்றேன். பதினான்கு கிலோமீட்டர் என்பதை நான் அதுவரை ஸ்கூட்டரில்தான் அறிந்திருந்தேன்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பி, ஏழு ஏழரைக்குள் முடிப்பது எங்கள் திட்டம். செருப்பில்லாத கால், சூடு இறங்காத தார் ரோடு. மலையைச் சுற்றி எட்டு லிங்கங்கள்; இரண்டாவதான அக்னி லிங்கம் வரை நான் பக்தனாக இருந்தேன். எமலிங்கம் வரும்போது வலது முழங்கால் பேச ஆரம்பித்தது. நிருதி லிங்கத்தில் இடது முழங்கால் அதை ஆமோதித்தது. அடி அண்ணாமலையில் இரண்டும் சேர்ந்து கோஷம் போட்டன. வாயு லிங்கத்துக்குப் பிறகு, எதிரில் வந்த ஒவ்வொரு ஆட்டோவிலும் தெய்வ சாந்நித்தியத்தை உணர்ந்தேன். என் சகாவோ வரப்பில் நடக்கிற மாதிரி, கையை வீசிக்கொண்டு, வேர்க்கடலை விளைச்சலைப் பற்றிப் பேசியபடி நடந்தார். பாதியில் நிற்பதற்கு நல்ல காரணம் ஒன்று கிடைக்குமா என்று வழி நெடுகத் தேடினேன். அவர் எதிரில் எதுவும் அகப்படவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு முன்னெச்சரிக்கையாகச் செங்கம் ரோட்டில் ஒரு மெடிக்கலுக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பக்கம் மெடிக்கலில் மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, வலிக்கிற இடத்தைச் சொன்னால் போதும். கடைக்காரர் நாலைந்து அட்டைகளிலிருந்து கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி, ஒரு காகித உறையில் போட்டு நீட்டுவார். அதற்கு 'செட்' என்று பெயர். சளிக்கு ஒரு செட், காய்ச்சலுக்கு ஒரு செட், முட்டிக்கு ஒரு செட். கத்தரிக்கோல் போகிற போக்கில் மாத்திரையின் பெயரிலும் பாதி வெட்டுப்பட்டுவிடும். அதைப் பற்றி நாங்கள் யாரும் கவலைப்பட்டதில்லை.

"சாப்ட்டுட்டுப் போடுங்க சார். இந்தச் சின்னது சாப்பாட்டுக்கு முன்னாடி, பெருசு பின்னாடி" என்றார் கடைக்காரர்.

"சின்னது எதுக்கு?"

"வயித்துக்கு. கேஸ் மாத்திர."

"எனக்கு கேஸெல்லாம் இல்லியே."

"வராம இருக்கத்தான் சார்."

நான் கொஞ்சம் படித்தவன். வியாபாரிகள் ஒன்றோடு ஒன்றைத் தள்ளிவிடும் தந்திரத்தைப் பற்றியும் படித்திருக்கிறேன். நாலு எட்டு வைத்ததும் அந்தச் சின்ன மாத்திரையைச் சாக்கடையில் எறிந்தேன். ஏமாறாத திருப்தி இருந்தது.

அதே கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்றிருந்தார். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவராக இருக்க வேண்டும். வாங்கிய மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து, ஊர் வரைபடத்தைப் போல விரித்துப் பிடித்து, வெயிலில் நின்றபடியே ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டிருந்தார். கடைக்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். ஒரு மாத்திரைக்கு இவ்வளவு படிப்பா என்று நினைத்தேன். காப்பி ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று, நேற்று பஜ்ஜி மடித்து வந்த தாளைக்கூட விடாமல் படிக்கிறவன் நான். என் வாழ்க்கையில் படிக்காமல் விட்ட இலக்கியம் அந்த ஒரு காகிதம்தான்.

விரதம் என்பது மனைவியின் வழக்கம். பௌர்ணமி அன்று மாலை பூஜை முடியும்வரை பாலைத் தவிர அவள் எதுவும் எடுத்துக்கொள்ள மாட்டாள். சகாவும் விரதம் என்று தெரிந்ததும் நானும் சேர்ந்துகொண்டேன். பக்தியைவிட இதில் போட்டி அதிகம். எனக்குப் பாலும் பிடிக்காது என்பதால் அவர்களைவிட ஒரு படி மேலே போய்விட்டதாக எண்ணம்.

அன்று கிளம்பும் முன் நான் மாத்திரையை வாயில் போடுவதை மனைவி பார்த்துவிட்டாள்.

"வெறும் வயித்துலயா போடறீங்க?"

"மருந்துக்கு விரதத்துல விலக்கு உண்டு."

"அப்போ ரெண்டு இட்லி சாப்ட்டுட்டுப் போடுங்க."

"இட்லி மருந்தா?"

"அண்ணாமலையாரு உங்க இட்லியையா எண்ணினு இருக்கப்போறாரு?"

"இன்னிக்கு இட்லிம்போம், நாளைக்கு பொங்கல்னு ஆவும். ஒரு கட்டுப்பாடு வேணுமில்ல."

அவள் உள்ளே போய்விட்டாள். முப்பது வருட மணவாழ்க்கையில் நான் வென்ற மூன்றாவது விவாதம் அது.

மாத்திரை அபாரமாக வேலை செய்தது. எமலிங்கத்தைக் கடந்தேன், முழங்கால் வாயைத் திறக்கவில்லை. குபேர லிங்கத்தில் சகாவே, "இன்னா சார், இன்னிக்கு ஒரே சுறுசுறுப்பு" என்றார். தண்ணீரும் நான் அதிகம் குடிக்கவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் கழிப்பறை வரிசையில் நிற்பதைவிடத் தாகத்தோடு நடப்பது மேல் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டு மூன்று மாதத்தில் செட் போய் அட்டையாக வாங்க ஆரம்பித்தேன். கிளம்பும்போது ஒன்று, வாயு லிங்கம் தாண்டியதும் ஒன்று. பிறகு மறுநாள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஒன்று. பிறகு அலுவலக மாடிப்படிக்கு ஒன்று. சட்டைப் பையில் ஒரு அட்டை, ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு அட்டை, பூஜை அறையில் விபூதி டப்பாவுக்குப் பின்னால் ஒரு அட்டை. தினமும் போடுகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். வலிக்கிறபோது மட்டும்தான் போட்டேன். தினமும் வலித்தது.

இதற்கிடையில் அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு பிபி இருப்பதாகக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு மாத்திரையும், இதயத்தில் ரத்தம் கட்டாமல் இருக்க இன்னொரு சின்ன மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். ஆடி மாதம் பிறந்தபோது கடைவாய்ப் பல்லில் வலி கிளம்பியது. பல் டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார், வலிக்கும் சேர்த்து. எழுதும் முன், "வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார்.

"பிபிக்கு மட்டும்."

நான் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்தால் மருந்து. நாமே கடைக்குப் போய் வாங்கினால் அது மளிகை. இஞ்சி வாங்கினேன், பூண்டு வாங்கினேன் என்றெல்லாம் பல் டாக்டரிடம் யாராவது சொல்வார்களா?

ஆகவே அந்த ஆடிப் பௌர்ணமி அன்று, காலையிலிருந்து பட்டினியாகக் கிடந்த வயிற்றில் பிபி மாத்திரை போக, முட்டிக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று என்று மூன்று மாத்திரைகள் இருந்தன. மூன்றும் மூன்று நிறம், மூன்று பெயர். எழுதிக் கொடுத்தவர்களும் விற்றவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். எல்லோரையும் அறிந்த ஒரே ஆள் நான். வெயிலில் நடந்து முடித்து, ஈசான்ய லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடைக்காரம்மாவிடம் நாவல்பழம் வாங்கி, உப்புத் தொட்டு, விரதத்தை முடித்தேன்.

மறுநாள் காலையில் கழிப்பறையில் கறுப்பாகப் போயிற்று. நான் பதறவில்லை. காரணம் தயாராக இருந்தது. நாக்குகூட இன்னும் ஊதா நிறத்தில்தான் இருந்தது. இரண்டாம் நாளும் கறுப்பு. தார் போல ஒட்டியது, நாற்றமும் வேறு மாதிரி. நல்ல ஜாதி நாவல்பழம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் படியேறும்போது மூச்சு வாங்கியது. நாலாம் நாள் பல் துலக்கும்போது தலை சுற்றியது. எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒரு விளக்கம் வைத்திருந்தேன். ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் வேலையை மட்டும் செய்யவில்லை.

"மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துக் கெடக்கு?" என்றாள் மனைவி.

"வெயில்ல போறத கம்மி பண்ணிட்டேன்ல. ரூம்லயே ஒக்காந்தா கலர் வரும்."

"பௌர்ணமிக்குத்தான் வெயில்ல வெந்துட்டு வந்தீங்க."

அலுவலகத்தில் சகா வேறு விதமாகப் பார்த்தார். "விரதம் இருந்ததுல முகம் நல்லா தெளிஞ்சிடுச்சு சார்" என்றார். அவர் பேச்சைத்தான் நம்பினேன்.

ஆறாம் நாள், இரண்டாவது மாடிக்குப் போகிற படியில், பாதி வழியில் உட்கார்ந்தேன். சும்மா கொஞ்சம் உட்காரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்தது. சகாதான் பார்த்தார். அவரும் இன்னொருவரும் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மனைவியும் வந்துவிட்டாள்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். பிபி பார்த்தார், இம்முறை அது குறைந்திருந்தது. பிறகு, மனைவி பக்கத்திலும் சகா பின்னாலும் நிற்க, சத்தமாகக் கேட்டார்.

"மோஷன் என்ன கலர்ல போவுது சார்?"

"வழக்கம்போலதான்."

"வழக்கம்னா?"

"கொஞ்சம் கறுப்பா. நாவப்பழம் சாப்ட்டேன்."

"எப்போ?"

"பௌர்ணமிக்கு."

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். "பௌர்ணமி போய் எத்தன நாளாச்சும்மா?"

"இன்னிக்கு சஷ்டிங்க."

"ஆறு நாளாவா சார் ஒரே நாவப்பழம் போயினு இருக்கு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"வலி மாத்திர ஏதாவது சாப்புடுவீங்களா?"

"எப்பவாவது."

"எப்பவாவது இல்லிங்க, எப்பவும்" என்றாள் மனைவி. "இருங்க டாக்டரம்மா, எடுத்தாறேன்."

என் கையில் ஊசி குத்திப் பாட்டில் தொங்கவிட்ட அரை மணி நேரத்துக்குள், ஒரு மஞ்சள் பையோடு திரும்பி வந்தாள். சட்டைகள், ஸ்கூட்டர் டிக்கி, விபூதி டப்பா, எனக்கே மறந்துபோன இரண்டு இடங்கள் என்று வீடு முழுக்கச் சலித்து அள்ளியிருந்தாள். டாக்டர் மேஜைமேல் கொட்டியபோது சகா, "அடேங்கப்பா" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

டாக்டர் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து, எது எதற்கென்று மனைவியைக் கேட்டு, சீட்டுக்கட்டைப் பிரிக்கிற மாதிரி வரிசையாக அடுக்கினார்.

"இது டைக்ளோஃபினாக். பல்லுக்குக் குடுத்தது அசிக்ளோஃபினாக். பேரு வேற, கலர் வேற, வேல ஒண்ணுதான். ஒண்ணு சாப்புடும்போது இன்னொண்ணத் தொடவே கூடாது. இந்தச் சின்னது ஆஸ்பிரின். அதுவும் இதுங்களுக்குச் சொந்தம்தான். மூணும் சேந்து வயித்துல புண்ணாக்கியிருக்கும் சார். அதுலேர்ந்து ரத்தம் கசியுது. வயித்துல கசியற ரத்தம் வெளிய வரும்போது கறுப்பாத்தான் வரும்."

"முட்டி வலிக்குத்தான டாக்டர் போட்டேன்."

"உடம்புல வலிய உண்டாக்கற சரக்கும், வயித்துச் சுவத்தக் காப்பாத்தற சரக்கும் ஒரே குடும்பம். மாத்திர ரெண்டையுமே கம்மி பண்ணிடும். முட்டியில மட்டும் வேல செய்னு அதுக்குச் சொல்ல முடியாது."

ரத்தப் பரிசோதனை வந்தது. ஹீமோகுளோபின் ஏழு. எனக்குக் குறைந்தது பதின்மூன்று இருந்திருக்க வேண்டுமாம். கிட்னியின் நிலைமையைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. "தண்ணி குடிக்காம, வெயில்ல, பிபி மாத்திரையோட இதையும் போட்டா கிட்னிக்குப் போற ரத்தம் கம்மியாயிடும். அது திரும்பிடும்னு நெனைக்கறேன். மொதல்ல வயிறு" என்றார் டாக்டர்.

மனைவி கேட்டாள்: "உயிருக்கு ஒண்ணும் இல்லியே?"

டாக்டர் இல்லை என்று உடனே சொல்லவில்லை. "கசிவு நின்னுடுச்சா, இன்னும் போயினு இருக்கான்னு நாளைக்குக் காலையில உள்ள கேமரா விட்டுப் பாத்தாத்தான் தெரியும். நின்னிருந்தா மருந்துல சரி பண்ணிடலாம். நிக்கலனா உள்ளயே அடைக்கப் பாப்பாங்க. அதுவும் முடியலனா ஆபரேஷன். இன்னும் ரெண்டு நாள் நாவப்பழம்னு இருந்திருந்தா இதப் பேசறதுக்கு இவரு இருந்திருக்க மாட்டாரு."

அன்றைக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு ஈடாகச் சகா தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, கை மடிப்பில் பஞ்சோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். "பைல் எல்லாம் நான் பாத்துக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி கட்டிலருகில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டுவாள், இட்லிக் கதையை எடுப்பாள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. பாட்டிலில் சொட்டுகிற ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து, சொல்லிக்காட்ட இவ்வளவு நல்ல வாய்ப்பு கிடைத்து அவள் சும்மா இருந்தது அன்றுதான். நான் உண்மையிலேயே பயந்தது அதைப் பார்த்துத்தான்.

காலையில் தொண்டைக்கு மரத்துப்போகிற மருந்து அடித்து, பல்லுக்கு நடுவே வளையம் ஒன்றைக் கொடுத்து, குழாயை விட்டார்கள். முழுங்குங்க, முழுங்குங்க என்றார்கள். மாத்திரை விழுங்குவதில் எனக்கு இருந்த தேர்ச்சி அங்கே உதவவில்லை. இரைப்பையில் இரண்டு சின்னப் புண், ஒரு பெரிய புண். பெரியதன் மேல் கறுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தது. கசிவு தானாகவே நின்றிருந்தது. வெளியே வந்து டாக்டர் இதைச் சொன்னதும் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். கேட்க நிம்மதியாக இருந்தது.

ஐந்து நாள் படுத்திருந்தேன். கிரியாட்டினின் இறங்கியது. வயிற்றில் கிருமி ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்து, இல்லை என்றார்கள். இதய மாத்திரையையும் அவர்களே யோசித்து நிறுத்தினார்கள். அதை யாரும் தானாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்தவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்கள். நான் சாக்கடையில் எறிந்த அந்தச் சின்ன மாத்திரையின் வகையையே இரண்டு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள், சாப்பாட்டுக்கு முன்னால்.

கிளம்பும் அன்று டாக்டரைக் கேட்டேன். "இனிமே வலிச்சா இன்னா பண்றது?"

"மொதல்ல வலிக்கற அளவுக்கு நடக்காதீங்க. முட்டிக்குப் பயிற்சி இருக்கு, சொல்லித் தர்றவங்ககிட்ட அனுப்பறேன். ரொம்ப வலிச்சா பாராசிட்டமால், அதுவும் அளவோட. இந்த வகை மாத்திர உங்களுக்கு இனி வேணாம். எந்த டாக்டர்கிட்ட போனாலும் இந்தச் சீட்ட மொதல்ல காட்டுங்க."

"அன்னிக்கு நான் சாப்ட்டுட்டுப் போட்டிருந்தா இப்டி ஆயிருக்காது, இல்லியா?"

"சாப்ட்டுட்டுப் போட்டா எரிச்சல் கம்மியாவும். புண்ணே வராதுன்னு சொல்ல முடியாது. மாத்திர ரத்தத்துல கலந்தும் வயித்துக்கு வேல காட்டும். நீங்க மாசக்கணக்கா, ரெண்டு மூணு வகையச் சேத்துப் போட்டிருக்கீங்க."

அந்தப் பதிலை மனைவியின் காதில் விழும்படி இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டேன். டாக்டர் மறுத்துவிட்டார்.

"அப்போ இது விஷமா டாக்டர்?"

"நல்ல மருந்து சார். நாங்களே தெனமும் எழுதறோம். கம்மியான அளவு, கம்மியான நாளு, சாப்பாட்டுக்கு அப்பறம், ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு. வேற நோய் இல்லாதவங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆவறதில்ல. வயசானவங்க, அல்சர் வந்தவங்க, கிட்னி, ஹார்ட்டு, பிபி இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க, இவங்கள்ளாம் கேக்காமத் தொடக் கூடாது. நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுவாரம், மெடிக்கல்காரரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று செங்கம் ரோட்டுக்குப் போனேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் வருத்தப்பட்டார். பிறகு, "செட்ல வயித்துக்குச் சின்னதா ஒண்ணு வச்சேனே சார், அத இன்னா பண்ணீங்க?" என்றார்.

சொன்னேன்.

"அப்பறம் அட்டையா வாங்க ஆரம்பிச்சீங்க. டாக்டர் சீட்டு இருக்கானு நான் கேட்டிருக்கணும். தப்புதான். கேட்டிருந்தா நீங்க இன்னா பண்ணியிருப்பீங்க?"

பக்கத்துக் கடைக்குப் போயிருப்பேன். அதைச் சொல்லவில்லை. நாலு வார்த்தையையும் சொல்லாமலே திரும்பினேன்.

ஆவணிப் பௌர்ணமிக்கு வீட்டிலேயே இருந்தேன். புரட்டாசியில் வயிறு நிறையப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு நிருதி லிங்கம் வரை நடந்து, வலி தெரிந்ததும் கும்பிட்டுவிட்டு ஆட்டோ ஏறினேன். வலி என்பது உடம்பு எழுதி அனுப்புகிற மனு, அதைப் படிக்காமலே ஒன்றரை வருடம் கிடப்பில் போட்டிருந்தேன் என்றெல்லாம் அந்த ஆட்டோவில் எனக்குச் சிந்தனைகள் தோன்றின.

அந்தச் சிந்தனைகளை மறுநாள் அலுவலகத்துக்கு எதிர்த்தாற்போல டீக்கடையில் சகாவிடம் விரிவாகச் சொன்னேன். எனக்கு ரத்தம் கொடுத்தவர். அவருக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று பட்டது. அருளால் வலி போனது என்று நான் சொன்னதெல்லாம் பொய் என்பதில் ஆரம்பித்தேன். ஒரே வேலையை வேறு வேறு பெயரில் செய்யும் மாத்திரைகள், வயிற்றுச் சுவர், கிட்னிக்குப் போகும் ரத்தம், கறுப்பாகப் போனால் காரணம் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது என்று டாக்டர் சொன்ன எதையும் விடவில்லை. நடுவே என் சொந்தத் தத்துவத்தையும் கொஞ்சம் சேர்த்தேன். அவர் டீயைக்கூடக் குடிக்காமல் கேட்டார். இப்படி ஒரு கவனத்தோடு என் பேச்சை யாரும் கேட்டதில்லை. ஒரு மனிதனையாவது காப்பாற்றிவிட்டோம் என்று அவருடைய டீக்கும் நானே காசு கொடுத்தேன்.

பேசி முடித்ததும் அவர் குனிந்து தன் வலது குதிகாலை விரல்களால் அமுக்கிவிட்டபடியே கேட்டார்.

"அதெல்லாம் சரி சார். அந்த மாத்திரைக்கு வலி கேக்குதா, அதச் சொல்லுங்க."